சிரிப்புக்கு ஒரு கொட்டகை வேண்டும்

ஹாஸ்யம் என்பது விருந்திலே ஊறுகாய் போன்றது. இலையின் ஓரத்தில் சிறிது இருந்தால் போதும், அதற்கென்று தனி இலை போடுவாரில்லை என்பது நமது சினிமா முதலாளிகளின் நெடுநாளைய அபிப்பிராயம். இரண்டரை மணி நேரம் ஓடும் படத்தில் கதாநாயகனுக்கு இளைப்பாற அவகாசம் வேண்டிய போதெல்லாம் ஒரு விகடனைக் கொண்டுவந்து நிறுத்துவதோடு அவர்களுடைய கடமை தீர்ந்துவிடுகிறது. நகைப்பும் உருக்கமும் கலந்த ஒரு சிறு கதையை அரை மணிக்குள் சொல்லி முடித்து, அதையே முழுப் படமாகக் கருதலாம் என்பதும், தேர்ந்த நடிகர் ஒருவரே அதை டைரக்ட் செய்வது தனிச் சிறப்புடையது என்பதும் நம்மில் பலருக்குத் தோன்றுவதேயில்லை. அற்பமாகத் தோன்றும் இவ்விஷயத்தில் பொதுஜன நன்மை ஒன்று அடங்கியிருக்கிறது என்று நாம் கருதுவதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

அண்மைக் காலத்து உதாரணம்

கொரோனாத் தொற்றினால் தேசமே கதவடைத்துக் கிடந்த 2020-ஆம் வருஷத்தில், அக்டோபர் 16-ந் தேதி, 'புத்தம் புது காலை' என்ற பொதுத் தலைப்பில் ஐந்து சிறு படங்கள் ஒன்றாக வெளிவந்தன. அவற்றுள் நான்கை ஸ்ரீமதி சுதா கொங்கரா, ஸ்ரீமான்கள் கௌதம் வாசுதேவ் மேனன், ராஜீவ் மேனன், கார்த்திக் சுப்பராஜ் ஆகியோர் ஆளுக்கொன்றாக எடுத்தனர். எஞ்சிய ஒன்றாகிய 'காபி, எனிஒன்?' என்பதை ஸ்ரீமதி சுஹாசினி மணிரத்னம் டைரக்ட் செய்து, அதில் தாமும் நடித்தார். 1980-இல் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' மூலம் திரைக்கு வந்து, 'சிந்து பைரவி'யில் நடித்ததற்காகத் தேசிய விருது பெற்ற அந்த அம்மையாருக்கு இத்தொழில் புதிதன்று. 1991-இல் 'பெண்' என்ற பெயரில் தனித்தனிக் கதைகள் அடங்கிய ஒரு வரிசையைத் தொலைக்காட்சிக்காக எடுத்தவர். 1995-இல் 'இந்திரா' என்ற முழு நீளப் படத்தையும் டைரக்ட் செய்தவர்.

கதை மிகச் சிறியது. நினைவிழந்து கிடக்கும் ஒரு தாய். அவளை ஆஸ்பத்திரியினின்றும் வீட்டுக்கே கொண்டுவந்து தாமே பணிவிடை செய்யும் கணவர். தாயின் பிறந்த நாளை ஒட்டி அங்கே வந்து சேரும் பெண்மக்கள். வீட்டிலே எழும் காபியின் மணம். இவ்வளவே. மேடையில் பல்லாண்டுகளாக ஜனங்களைச் சிரிக்க வைத்த காத்தாடி ராமமூர்த்தி அக்கிழவராக வருகிறார். இதில் துஷ்டன் இல்லை, சண்டை இல்லை. சகோதரிகள் மூவர் ஓர் அறையில் பேசிக்கொள்ளும்போது, ஒருத்தி விளையாட்டாகச் சொன்னது மற்றொருத்தியின் மனத்தைத் தைக்கிறது. பார்ப்பவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒரு சேர வருகின்றன. இத்தனை பெரிய துன்பம் அரை மணிக்குள் இத்தனை எளிதாகத் தீருமோ என்று குறை கூறுவாரும் இருக்கலாம். ஆயினும், நோயாளியின் கட்டிலருகே நின்று அவளைப் பரிகசிக்காமல் நம்மைச் சிரிக்கச் செய்வது எளிய காரியமன்று. எந்தச் சொல்லுக்குப் பின் எத்தனை நேரம் மௌனமாயிருக்க வேண்டும் என்பதைத் தம் உடம்பினாலேயே கற்ற ஒருவர்தாம் அதைச் செய்ய முடியும். நடிகர் டைரக்ட் செய்வதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

நிற்க. இப்படத்தைக் கண்டவர் யார்? அது எந்தக் கொட்டகையிலும் முதலில் காட்டப்படவில்லை. சந்தா செலுத்தியவர்கள் தத்தம் வீட்டிலே இணையத்தின் வழியாகப் பார்த்தார்கள். கதவடைப்புக் காலத்தில் அதற்கு வேறு வழியில்லை என்பது வாஸ்தவம். ஆனால் கதவுகள் திறந்த பிறகும் சிறு படம் கொட்டகைக்கு வந்து சேரவில்லை. விடியுமுன் எழுந்து நிலக்கோட்டைத் தோட்டங்களில் பூப்பறிக்கும் பெண்ணும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் தொழிலாளியும், நாகல்நகர் நெசவாளியும், திண்டுக்கல்லின் பெயரை எங்கும் பரப்பிய பூட்டுத் தொழிலாளியும் இத்தகைய படம் ஒன்று எடுக்கப்பட்டதையே அறியார். அவர்களுக்குக் கிடைப்பது கைப்பேசியில் அரை நிமிஷம் ஓடி மறையும் துணுக்குகள். அவற்றில் பாதி பிறருடைய நிறத்தையும் உடலையும் ஊர்ப் பேச்சையும் ஏளனம் செய்வன. அதையும் ஒவ்வொருவரும் தனித்தனியே தலைகுனிந்து பார்க்கிறார்கள். கூட்டத்திலே சிரிப்பதற்கும் தனியே சிரிப்பதற்கும் உள்ள வேற்றுமை, திருவிழாச் சாப்பாட்டிற்கும் கட்டுச்சோற்றிற்கும் உள்ள வேற்றுமையைப் போன்றது.

நம் நாட்டு வழக்கம்

பெரிய கதைக்கு முன்னால் ஒரு சிறு ஹாஸ்யம் என்பது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கமென்று யாரும் எண்ண வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த ஸ்பெஷல் நாடகங்கள் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடிச் சீமைகளில் இன்றும் கோயில் திருவிழாக்களில் நடைபெறுகின்றன. இரவு முழுதும் நடக்கப்போவது 'வள்ளி திருமண'மாயினும் முதலில் மேடைக்கு வருகிறவர் முருகனல்லர், பபூனே வருகிறார். அவர் தனியே நின்று பேசுகிறார், பாடுகிறார். பின்பு நடனமாதுடன் தர்க்கம் செய்கிறார். குழந்தைகள் உறங்குமுன், கிழவர்கள் சலிக்குமுன், ஊர் முழுவதையும் அவர் ஒரே சிரிப்பில் கட்டிவிடுகிறார். அதன் பிறகே புராணக் கதை தொடங்குகிறது. சபையோரை ஒன்றுசேர்ப்பது ஹாஸ்யத்தின் தொழில் என்பதை நம் முன்னோர்கள் நன்கறிந்திருந்தனர்.

பேசும் படம் வந்தபோது இவ்வழக்கமும் உடன் வந்தது. 1930-களில் சிறு ஹாஸ்யப் படங்களைப் பெரிய படத்தோடு சேர்த்துக் காட்டுவது சாதாரணமாயிருந்தது. 1939-இல் வெளிவந்த 'சிரிக்காதே' என்பதே சிறு ஹாஸ்யக் கதைகள் சிலவற்றை ஒன்றாகக் கோத்த படம். அக்காலத்தில் இத்துறையில் தலைசிறந்து விளங்கியவர் 1908-இல் நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். வில்லுப்பாட்டிலும் பாய்ஸ் கம்பெனி நாடகத்திலும் தேறி வந்த அவர், பிறர் எடுக்கும் படங்களுக்குள் தமது ஹாஸ்யப் பகுதியைத் தாமே அமைத்து, ஸ்ரீமதி டி. ஏ. மதுரத்துடன் நடித்துச் சேர்த்துவிடுவார். அப்பகுதிகளில் பல, சுற்றியுள்ள படத்தை நீக்கினாலும் தாமே நிற்கக்கூடியவை.

1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில் வரும் 'கிந்தனார்' காலக்ஷேபமே இதற்குச் சிறந்த சான்று. படத்தை டைரக்ட் செய்தவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு. ஆயினும் காலக்ஷேபத்தின் உயிர் கலைவாணருடையது. நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தனோ பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். தாழ்ந்த குலத்தவன் என்று விரட்டப்பட்ட சிறுவன், ரயிலேறிப் பட்டணம் சென்று கற்று, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். தீண்டாமையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் நடந்த நாட்டில், பிரசங்கம் கேட்க வராத ஜனங்களும் இந்தச் சில நிமிஷக் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள், சிரித்தபின் சிந்தித்தார்கள். பின்னர் கலைவாணர் 'மணமகள்' (1951), 'பணம்' (1952) என்ற முழு நீளப் படங்களை டைரக்ட் செய்தார். 1957-இல் காலஞ்சென்ற அம்மகானுக்கு, அரை மணிப் படத்தைத் தனியே எடுத்துத் தனியே காட்டும் வசதி நிலைத்திருக்குமானால், தமிழுக்கு எத்தனை செல்வம் சேர்ந்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

பறிபோன இருபத்திரண்டு நிமிஷம்

அவ்வசதி எவ்வாறு போயிற்று? யுத்த காலத்தில் பிலிம் பஞ்சம் ஏற்பட்டு, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று சர்க்கார் வரையறுத்தனர். அதைத் தொடர்ந்து 1943-இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 44ஏ என்ற விதியைப் புகுத்தி, ஒவ்வொரு காட்சியிலும் சர்க்கார் அங்கீகரித்த படம் 2,000 அடியாவது காட்டப்பட வேண்டும் என்று அந்நிய ஆட்சி கட்டளையிட்டது. அப்படங்கள் பெரும்பாலும் யுத்தப் பிரசாரம். கொட்டகைக்காரர் அவற்றைக் காட்டுவதோடு வாடகையும் செலுத்தவேண்டியிருந்தது. 2,000 அடி என்பது ஏறக்குறைய 22 நிமிஷம். அதாவது இரண்டு ரீல். உலகெங்கும் சிறு ஹாஸ்யப் படத்தின் அளவு அந்த இரண்டு ரீல்தான்! விகடனுக்குரிய நேரத்தை வெள்ளைக்கார சர்க்கார் தம் பிரசாரத்திற்கு எடுத்துக்கொண்டார்கள்.

சுதந்திரம் வந்தபின் அந்நேரம் திரும்பக் கிடைத்ததா? இல்லை. 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் ஏற்பட்டது. அதன் செய்திப் படங்களையும் டாகுமெண்டரிகளையும் காட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தம், 1952-ஆம் வருஷத்துச் சினிமாடோகிராப் சட்டத்தின் மூலமும் லைசென்ஸ் நிபந்தனைகளின் மூலமும் தொடர்ந்தது. நிர்ப்பந்தம் செல்லும் என்று 1999-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. அப்படங்களில் அருமையானவை பல உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வற்புறுத்திப் புகட்டிய பாலை எந்தக் குழந்தை விரும்பிக் குடித்தது? டாகுமெண்டரி முடிந்த பிறகு உள்ளே போகலாம் என்று வாயிலிலே டீ குடித்து நின்றவர்களை அக்காலத்து ரசிகர்கள் எல்லோரும் அறிவார்கள். பிலிம்ஸ் டிவிஷனும் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது படத்திற்கு முந்திய நேரத்தை விளம்பரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சர்க்காரிடமிருந்து வியாபாரிக்குக் கைமாறியதேயன்றி, அந்த இருபத்திரண்டு நிமிஷம் ஹாஸ்யத்திற்கு வந்து சேரவில்லை.

திண்டுக்கல் சமவெளியில் இதன் நஷ்டம் இரு மடங்கு. ஒரு காலத்தில் இங்குள்ள கிராமங்களுக்கு டூரிங் டாக்கீஸே பெரிய உற்சவம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று தரம். தரை டிக்கெட்டுக்காரர் மணலைக் குவித்து ஆசனமாக்கிக்கொள்வார். ஒரே ஒரு படக்கருவி இருந்தபடியால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அத்தனை இடைவேளைகளிலும் ஊரார் ஒருவரோடொருவர் பேசிக் களித்தார்கள். அந்தக் கூடாரங்கள் மறைந்தன. இருக்கும் கொட்டகைகள் நகரத்தில் உள்ளன. அவற்றில் பெரிய படத்திற்கே இடம்.

சாப்ளின் காட்டிய வழி

சிறு ஹாஸ்யப் படம் எவ்வளவு உயரலாம் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட சாட்சி சார்லி சாப்ளின். நடிகராகத் தொடங்கி, 1914-லேயே தம் படங்களைத் தாமே டைரக்ட் செய்யலானவர். 1917-இல் வெளிவந்த அவருடைய 'தி இம்மிக்ரண்ட்' இரண்டே ரீல். பிழைப்புத் தேடி அமெரிக்கா செல்லும் ஏழைகள் கப்பலிலிருந்து சுதந்திர தேவியின் சிலையைக் கண்டு மகிழும் அதே க்ஷணத்தில், அதிகாரிகள் அவர்களைக் கயிற்றால் வளைத்து மந்தைபோல் நெருக்குகிறார்கள். வாய்ப் பேச்சில்லாத அக்காட்சி சொன்னதைப் பெரிய நூல்களும் அவ்வளவு சுருக்கமாய்ச் சொல்லவில்லை. பிற்பகுதியில் அவர் தெருவில் கண்டெடுத்த ஒற்றை நாணயம் கால்சட்டைப் பையின் ஓட்டை வழியே விழுந்துவிடுகிறது. அதை அறியாமல் ஹோட்டலில் உணவு கேட்டு உட்காருகிறார். சில காசு குறைந்த ஒருவனைப் பரிசாரகர்கள் புடைப்பதைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார். பசித்தவன் பயந்துகொண்டே உண்ணும் அக்காட்சியைக் கண்டு சிரியாதார் இல்லை. ஆனால் அது சிரிப்பு மாத்திரமா?

சினிமா விசாரணைக்காக 1927-இல் சென்னை வக்கீல் திவான்பகதூர் டி. ரங்காசாரியாரைத் தலைவராகக் கொண்டு அமைந்த கமிட்டிக்கு, தாம் ஒருபோதும் சினிமாவுக்குச் சென்றதில்லை என்றும் அதனால் விளையும் தீமை வெளிப்படை என்றும் காந்தியடிகள் பதிலளித்தார். அம்மகாத்மாவே 1931 செப்டம்பரில், வட்டமேஜை மகாநாட்டிற்காக லண்டன் சென்றிருந்தபோது, சாப்ளினைச் சந்தித்தார். அவருடைய படம் ஒன்றைக்கூட மகாத்மா பார்த்ததில்லை. பேச்சு யந்திரங்களைப் பற்றி நடந்தது. 1936-இல் சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்தபோது, யந்திரத்தின் பல்லுக்கிடையில் அகப்பட்ட தொழிலாளியை உலகம் கண்டது. சினிமாவை வெறுத்த மகாத்மாவும் சினிமாவினால் உயர்ந்த விகடனும், ஏழையின் துன்பம் என்ற ஓரிடத்தில் ஒன்றுகூடினர். ஹாஸ்யம் அற்ப விஷயம் என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

வத்தலக்குண்டின் பாடம்

சிறியது என்பதனால் தாழ்ந்ததாகாது என்பதைத் தமிழிலக்கியத்திற்குக் கற்பித்த பெருமை இந்தச் சமவெளிக்கே உண்டு. தேசபக்தர் சுப்பிரமணிய சிவம் பிறந்த வத்தலக்குண்டு, 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையரைத் தந்தது. அதே ஊரைச் சேர்ந்தவர் பி. எஸ். ராமையா. 1933-இல் தோன்றிய 'மணிக்கொடி'யை 1935-இல் அவர் சிறுகதைக்கென்றே உரிய பத்திரிகையாக ஆக்கினார். அவ்வூர்க்காரரான சி. சு. செல்லப்பாவும் அவ்வழியிலே வந்தவர். நாவலைச் சுருக்கினால் சிறுகதையாகாது. அது தனி உருவம் என்று அவர்கள் நிலைநாட்டினார்கள். அவ்வாறே பெரிய படத்தைச் சுருக்கினால் சிறு படமாகாது. சிறு படத்தை ஊதினால் பெரிய படமுமாகாது. பின்னாளில் சினிமாவுக்கும் எழுதிய ராமையாவின் ஊரார்க்கு இதை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆட்சேபணைகளுக்கு விடை

இளைஞர்கள் கையிலுள்ள கருவிகளைக் கொண்டு சிறு படங்களை எடுத்துக் குவிக்கிறார்களே, தேர்ந்த நடிகர்கள் எதற்கு என்று கேட்கலாம். இளைஞர்களின் முயற்சியை நாம் மனமாரப் போற்றுகிறோம். 2009-இல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' என்ற தொலைக்காட்சிப் போட்டி பல திறமைசாலிகளை வெளிக்கொணர்ந்தது. 'காதலில் சொதப்புவது எப்படி', 'முண்டாசுப்பட்டி' ஆகியவை முதலில் சிறு படங்களாயிருந்து, முறையே 2012-லும் 2014-லும் பெரிய படங்களாயின. ஆனால் இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளைஞனுக்குச் சிறு படம் ஒரு விண்ணப்பம். பெரிய படம் கிடைத்ததும் விண்ணப்பத்தை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. பேர்பெற்ற நடிகருக்கோ விண்ணப்பிக்க வேண்டிய அவசியமில்லை. அவர் சிறு படம் எடுத்தால், அந்தக் கதை அந்த அளவிலேயே நிறைவுடையது என்பதற்காகவே எடுக்கிறார். அவருடைய பெயருக்காகச் சக நடிகர்கள் வருவார்கள், ஜனங்களும் வருவார்கள். அவர் அரை மணிப் படத்தை மதித்தால் இளைஞனும் அதை மதிக்கக் கற்பான்.

பணம் யார் போடுவது என்பது அடுத்த கேள்வி. ஒரு வீடு, நாலைந்து நடிகர்கள், சில நாள் வேலை - இவ்வளவே மூலதனம். ஒரு பெரிய நடிகர் வருஷத்தில் ஒரு வாரத்தை இதற்கென ஒதுக்கினால் போதும்.

மூன்றாவது தடை சட்டத்தைச் சார்ந்தது. அது பெரும்பாலோர் அறியாதது. கைப்பேசியில் கோடி பேர் பார்க்கும் படத்திற்குத் தணிக்கைச் சான்று வேண்டுவதில்லை. அதையே ஒரு கொட்டகையில் நூறு பேர்க்குக் காட்டவேண்டுமாயின் 1952-ஆம் வருஷத்துச் சட்டப்படி சான்று பெற்றாக வேண்டும். காட்டும் இடத்திற்கு 1955-ஆம் வருஷத்துச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி லைசென்ஸும் வேண்டும். தனியே பார்ப்பதற்குத் தடையில்லை, கூடிப் பார்ப்பதற்குத் தடை என்பது விசித்திரமான நியாயம்! சட்டத்தை ரத்துச் செய்யவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தீ விபத்தும் நெரிசலும் உள்ள உலகில் கொட்டகைக்கு ஒழுங்கு தேவை. ஆனால் அரை மணிக்குட்பட்ட படங்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து, சான்றைத் துரிதமாக அளிப்பதில் சர்க்காருக்கு யாதொரு நஷ்டமுமில்லை.

செய்ய வேண்டுவது

கட்டாயம் வேண்டாம். 1943 முதல் நாம் கற்ற பாடம் அதுவே. கொட்டகை முதலாளிகள் வாரத்தில் ஒரு நாள், ஒரு காட்சியில், விளம்பரங்களைக் குறைத்து இருபத்திரண்டு நிமிஷத்தை ஒரு சிறு படத்திற்கு மனமுவந்து அளிக்கட்டும். 1947-இல் ஸ்ரீமதி சௌந்தரமும் ஸ்ரீமான் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கருகே நிறுவிய காந்திகிராமம், கிராமத்தார்க்கு மாதம் ஒரு முறை இத்தகைய படங்களைக் காட்ட முன்வரட்டும். 2014-இல் மாநகராட்சியாக உயர்ந்த திண்டுக்கல், அந்த உயர்வுக்கேற்ப ஒரு பொது மண்டபத்தை முறைப்படி லைசென்ஸ் பெற்று இதற்கு ஒழித்துத் தரட்டும். நடிகர்களோ, இந்தச் சமவெளியின் வாழ்வைச் சற்றே உற்று நோக்கட்டும். சாவியைத் தொலைத்தவனும் பூட்டுக்காரனும், பூவின் விலை விழுந்த நாளில் கல்யாண வீட்டுக்காரனும் தோட்டக்காரியும், தோல் மண்டியின் நாற்றத்தில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும் - எத்தனை கதைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன!

வாசகர்கள் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. இந்த ஊர்களில் எங்கேனும் ஒரு கொட்டகையோ கல்லூரியோ நல்ல சிறு படம் ஒன்றைக் காட்டுமானால், முன்னதாகவே சென்று உட்கார வேண்டும். பெரிய படம் தொடங்கட்டும் என்று வாயிலில் காத்து நிற்கலாகாது. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த ஜனசமூகத்தைப் பிறர் ஏய்க்க முடியாது. வீண் பெருமை பேசுவோர் அதனிடம் நெடுநாள் நிலைக்கவும் முடியாது. சுயராஜ்யம் பெற்ற நாட்டிலே ஜனங்கள் பகைக்கவும் கோஷமிடவும் எத்தனையோ இடங்கள் அமைந்துவிட்டன. ஒன்றாய் உட்கார்ந்து சிரிப்பதற்கு இருபத்திரண்டு நிமிஷமும் ஒரு கொட்டகையும் கேட்பது அதிகமாகாது.